பொம்மைக்கு எட்டுத் திசை!

கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் செய்ய ஓவியம் தெரிந்திருக்க வேண்டும் என்று நம் நண்பர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பெயிண்ட் அடித்த சின்ன பொம்மை ஒன்றும் கேமராவும் கிடைத்தால் போதும். 1993 டிசம்பரில் வெளிவந்த 'டூம்' விளையாட்டின் சில பூதங்கள் இப்படிப் பிறந்தவைதான். முதலில் ஏட்ரியன் கார்மாக் களிமண்ணில் பொம்மை பிடித்தார். கை காலை அசைக்க அசைக்க மண் பிய்ந்தது. பிறகு கிரகர் பன்சாட்ஸ் என்பவர் உள்ளே உலோக எலும்புக்கூடு வைத்து, மேலே லேடெக்ஸ் ரப்பர் போர்த்திச் செய்து கொடுத்தார். அவற்றைச் சுழற்றிச் சுழற்றி வீடியோ கேமராவில் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள்.

ஏன் சுழற்றணும்? டூமில் பூதம் என்பது வெறும் தட்டைப் படம். நாம் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ அந்தப் பக்கத்துப் படத்தை விளையாட்டு எடுத்துக் காட்டும். 45 டிகிரிக்கு ஒன்றாக 8 படம். நடைக்கு 4 நிலை என்றால் மொத்தம் 32. இதில் ஒரு சிக்கனம் உண்டு. முகம், முதுகு, ஒரு பக்கத்துக் கோணம் மூன்று, ஆக 5 எடுத்தால் போதும். மறுபக்கத்து மூன்றைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக்கொள்ளலாம். 32 என்பது 20 ஆகிவிடும். ஆனால் டூமில் ரைபிள் பிடித்த சிப்பாயைச் சுற்றி வந்து பாருங்கள், துப்பாக்கி கை மாறும்! ஒரு கையில் பீரங்கி, ஒரு கால் இரும்பு என்றிருக்கும் சைபர்டீமனிடம் இந்த வித்தை பலிக்காது. அதற்கு எட்டும் தனித்தனி.

இனி நம் மேசைக்கு வருவோம். சுழலும் தட்டின் நடுவில் பொம்மை, விளிம்பில் 8 கோடு. பின்னால் பொம்மையில் இல்லாத நிறத்தில் ஒரு தாள். கேமராவைத் தள்ளி வைத்து ஜூம் போடுங்கள். கிட்டே வைத்தால் மூக்கு பெரிசாயிடும். தட்டு மட்டும்தான் சுழல வேண்டும்.

விளக்கு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டூடியோ பழக்கத்தில் இடப்பக்கம் வைத்தால் படம் அழகாகத்தான் வரும். ஆனா, மாற்றிப்போட்ட மூன்று படத்திலும் வெளிச்சம் வலப்பக்கத்துக்குப் போய்விடும். பூதம் திரும்பும்போதெல்லாம் சூரியன் தாவுகிற மாதிரி இருக்கும். கேமராவுக்கு நேர் மேலே வைத்துவிடுங்கள், தொல்லை தீர்ந்தது.

பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம். தட்டு சுழலச் சுழல வெள்ளைப் பொட்டு இடம் மாறும். டூமின் திரை அகலம் 320, உயரம் 200 புள்ளிதான், வண்ணம் 256. பொம்மை 60 புள்ளி உயரத்துக்குச் சுருங்கும்போது கண் ஒரே புள்ளியாகிவிடும். நுணுக்கமாக இமை வரைந்தது வீண். பள்ளங்களில் கருமையையும் மேடுகளில் வெளிர் நிறத்தையும் கொஞ்சம் மிகையாகவே பூசுங்கள், அதுதான் மிஞ்சும்.

உலோக மினியேச்சர் கை காலை அசைக்காது. அதனால் நடையை ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் புள்ளி புள்ளியாக நாமே திருத்தணும். பொறுமை வேண்டும் சாமி! கடைசியாக, எல்லாப் படத்திலும் பாதம் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பூதம் நின்ற இடத்திலேயே குளிர் ஜுரம் வந்ததுபோல் நடுங்கும்.