சொன்னதை எழுது

அன்புள்ள தங்கைக்கு,

உளவியல் முதுகலை முடித்த கையோடு, வாரம் இரண்டு நாள் சம்பளமில்லாமல் சமுதாய மனநல கிளினிக்கில் ஆய்வு வேலைக்குப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். “நாலு பேருக்கு நல்லது செய்யணும்னுதான் அக்கா” என்றும் எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. மனநல ஆய்வைக் கெடுப்பவர்களில் சோம்பேறிகளைவிட இளகிய மனசுக்காரர்களே அதிகம் என்பது என் கட்சி. சோம்பேறி விட்ட இடம் வெற்றிடமாகத் தெரியும், யாராவது கண்டுபிடித்துவிடலாம். இரக்கப்பட்டுப் போட்ட மதிப்பெண்ணை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

உன் கையில் முதலில் வரப்போவது பெரும்பாலும் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 தாள். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்து வந்தால் கவனிக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். பார்க்க எளிது. உட்கார்ந்து கேட்டுப் பார், தெரியும்.

நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்த ஒரு பெரியம்மாவிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறாய் என்று வை. “தூக்கமா? வரும்மா. நடுராத்திரி முழிப்பு வந்துட்டா, அப்புறம் விடியிறவரைக்கும் கூரையைப் பார்த்துட்டு கிடப்பேன்” என்பார். எத்தனை நாள்? “அது எப்பவும்தான்.” தாளில் ‘எப்பவும்’ என்று ஒரு கட்டம் கிடையாது. கடந்த இரண்டு வாரத்தில் இல்லவே இல்லையா, பல நாட்களா, பாதிக்கு மேற்பட்ட நாட்களா, ஏறக்குறைய தினமுமா என்றுதான் இருக்கும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உன் கை தானாக 3-க்குப் போகும். அதே பெரியம்மா ஆறு மாதம் கழித்து மடியிலிருந்து இரண்டு கொய்யாப்பழத்தை எடுத்து நீட்டி, “நீ வந்ததுலேருந்து எவ்வளவோ தேவலாம்மா” என்பார். அப்போது கை 1-க்குப் போகும். இரண்டும் அவர் சொன்னதல்ல. முதலாவது உன் பரிதாபம், இரண்டாவது அவருடைய மரியாதை. வீடு தேடி வந்த பிள்ளை மனம் கோணக் கூடாது என்று பொய் சொல்லும் ஊர் நம்முடையது.

அதனால் பையில் ஒரு தினசரி காலண்டர் வைத்துக்கொள். இரண்டு வாரம் என்று சொன்னால் பலருக்குப் பிடிபடாது. அமாவாசையையோ சந்தை நாளையோ தொட்டுக் காட்டி, “இந்த நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும்” என்று கேள், அவர்களே விரல் விட்டு எண்ணுவார்கள். கேள்வி புரியவில்லை என்றால் உன் சொந்த வார்த்தையில் விளக்கப் போகாதே, அச்சில் இருப்பதையே நிதானமாக மறுபடி படி. ‘நெஞ்சு படபடங்குது’, ‘கை கால் அசந்து போகுது’ என்று எது வந்தாலும் ஓரத்தில் அப்படியே எழுதி வை. அதை நோயின் பெயராக மாற்றுவது உன் வேலை அல்ல.

இத்தனை கறார் எதற்கு என்று கேட்பாய். மனச்சிதைவு உள்ளவர்களுக்கு மருத்துவமனை சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டால் பலன் இருக்குமா என்று காஞ்சிபுரம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் 282 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. கோவாவின் சங்காத் அமைப்பும் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பும் சேர்ந்து செய்தது, 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஓராண்டு முடிவில் அறிகுறிகளும் இயலாமையும் ஓரளவு குறைந்திருந்தன. ஓரளவுதான். இவ்வளவு சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், அளந்தவர்கள் யார் பக்கமும் சாயாமல் அளந்திருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மதிப்பெண் பாசத்தில் போட்டிருந்தால் வந்த விடையை யார் நம்புவது? வீட்டுக்கு ஆள் போகும் பிரிவில் யார், போகாத பிரிவில் யார் என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது என்ற விதி இதற்காகத்தான். நீ கேட்காவிட்டாலும் ஆய்வில் இருப்பவர்களே சொல்ல வருவார்கள். “வீட்டுக்கு யார் வராங்க, போறாங்கன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம்” என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடு. அப்படியும் தெரிந்துவிட்டால் மறைக்காமல் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்.

அந்த மனச்சோர்வுத் தாளின் ஒன்பதாவது கேள்விக்கு வருகிறேன். செத்துப்போனால் தேவலாம் என்றோ, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது அது. புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள், அல்லது “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?” என்று பதிலையும் சேர்த்தே கேட்டுவிடுவார்கள். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்கிறவர்களும் உண்டு. கேட்டால் எண்ணம் கிளம்பிவிடும் என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றுதான் இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தனியாக, மற்ற எட்டுக் கேள்விகளைக் கேட்ட அதே குரலில் கேள். பூஜ்யம் தவிர எந்தப் பதில் வந்தாலும் தாளை மூடி வைத்துவிட்டு, அவரைத் தனியே விடாமல், அன்றைய மருத்துவரிடம் நீயே அழைத்துப் போ. ஆய்வு அப்புறம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று குடும்பம் நடுங்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் குற்றவாளியாக அல்லாமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. இதைத் தெளிவாகச் சொல்ல உனக்கு வாய் வர வேண்டும். முதல் நாளைக்கு முன்பே, எந்தப் பதிலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வாங்கிக்கொள். அப்படி ஒரு தாள் அங்கே இல்லையென்றால், அது வரும்வரை கேள்வி கேட்கப் போகாதே.

ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்கும்போது, எழுதப் படிக்கத் தெரிந்த, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இது. “அவனுக்கு என்னம்மா தெரியும், நான் போடுறேன்” என்று அண்ணன்காரர் பேனாவை வாங்குவார். கொடுக்காதே. புரிந்துகொள்ளும் நிலையில் இருப்பவர் தானே சம்மதிக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகவும் செய்யலாம். “இதுல சேர்ந்தா நல்ல மாத்திரை குடுப்பாங்களா?” என்று ஒருவராவது கேட்பார். “எது நல்லதுன்னு தெரியாது, அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆய்வு. சேரலைன்னாலும் உங்க மாத்திரை நிக்காது” என்று சொல். பாதிப் பேர் எழுந்து போனாலும் போகட்டும். வேண்டாம் என்று ஒருவர் பயமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார் என்றால் நீ சரியாகத்தான் விளக்கியிருக்கிறாய்.

சேர்ந்தவர்களை மறுபடி கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. சென்னையில் 1981-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில் முதல்முறை மனச்சிதைவு கண்ட 90 பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து 76 பேரையும், இருபதாண்டு கழித்து 61 பேரையும் பார்க்க முடிந்தது. செல்போன் இல்லாமல் தொடங்கிய வேலை! வாடகை வீடு மாறியவர், கல்யாணமாகிப் போனவர் என்று ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் பஸ் ஏறிப் போய்த் தேடியிருக்கிறார். நம் அறிவியலில் பாதி அந்தச் செருப்புத் தேய்ச்சல்தான், கட்டுரைகளில் அது ஒரு வரிகூட வராது. நீ தேடிப் போகும்போது கிளினிக் பெயர் போட்ட பை வேண்டாம். “என்ன விஷயமா?” என்று டீக்கடையில் கேட்டால், தெரிந்தவர் என்பதற்கு மேல் வாயைத் திறக்காதே. அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. ஆய்வு முடிந்த மறுநாள் இவர்கள் மாத்திரைக்கு எங்கே போவார்கள் என்று பொறுப்பாளரைக் கேள். மாவட்ட மனநலத் திட்டத்தோடு பேசி வைத்திருக்கிறோம் என்றால் யாரிடம், என்றைக்கு ஓபி என்றும் கேள். தன்னார்வலர் கேட்கக் கூடிய கேள்வி இல்லை என்று யாராவது முகம் சுளிக்கலாம். சம்பளம் வாங்குகிறவர்களைவிட உனக்கு அதைக் கேட்பது சுலபம்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தாய். தருவார்கள். ஆனால் கடைசி மாதம் வரை விடாதே, நிதி முடிந்தால் அலுவலகமே ஒரே வாரத்தில் காலியாகிவிடும். எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று குறிப்பிட்டு எழுதச் சொல். முதல் வாரம் முடிந்ததும் எழுது, ஓரத்தில் நீ எழுதி வைத்த வரிகளில் எது உனக்குப் புரியவில்லை என்று. பெயர்களை மட்டும் விட்டுவிடு.

அன்புடன்,
அக்கா