திரும்பப் போடும்போது கணக்கு தப்புமா?

பில் போடும் சாப்ட்வேர் மக்கர் செய்தால், "எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். போடுவது சிறிது நேர வேலைதான். ஆனால் வாடிக்கையாளர் பாக்கி, சரக்கு இருப்பு, பில் வரிசை எண் ஆகிய மூன்றும் தப்புமா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நம் பொறுப்பு.

சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் சிறு புரோகிராமுக்கு இன்ஸ்டாலர் என்று பெயர். அது திரும்ப ஓடும்போது எந்தக் கோப்பை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதைச் சாப்ட்வேர் தயாரிப்பவரே விருப்பப்படி அமைக்கலாம். தராசு பழுதானால் தராசை மாற்றுகிறோம், பேரேட்டைக் கிழிப்பதில்லை. இன்ஸ்டாலருக்கும் அந்த விவரத்தைச் சொல்லிவைக்க வேண்டும்.

விண்டோஸ் இன்ஸ்டாலரை எடுத்துக்கொள்வோம். இதில் திரும்பப் போடும் முறையைத் தீர்மானிப்பது ரீஇன்ஸ்டால்மோட் என்ற அமைப்பு. வழக்கமான அமைப்பில், காணாமல் போன கோப்பும் பழைய பதிப்புக் கோப்பும் மட்டுமே மாற்றப்படும். பதிப்பு எண் இல்லாத கோப்பு, முதலில் போட்ட பிறகு திருத்தப்பட்டிருந்தால் அப்படியே விடப்படும். ஆனால் "எல்லாவற்றையும் மாற்று" என்று அமைத்துவிட்டால், இன்ஸ்டாலரோடு வந்த வெற்றுக் கோப்பு நம் கணக்கின் மேல் ஏறிவிடும்.

முழுவதும் நீக்கிவிட்டுப் போடுவதில் ஆபத்து இன்னும் அதிகம். தான் வைத்த கோப்பை, நாம் அதில் கணக்கு எழுதியிருந்தாலும், இன்ஸ்டாலர் நீக்கிவிடும். அதைத் தடுக்க "நிரந்தரம்" என்று குறித்துவைக்க வழி உண்டு. இன்னோ செட்டப் என்ற இலவசக் கருவியிலும் "ஏற்கெனவே இருந்தால் போடாதே", "நீக்கும்போது இதை விட்டுவிடு" என இரு குறிப்புகள் கொடுக்கலாம்.

எனவே சாப்ட்வேர் தருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை:

1. கணக்குக் கோப்பு புரோகிராமிலிருந்து தனி ஃபோல்டரில் இருக்கிறதா?

2. திரும்பப் போடும்போது இருக்கும் கணக்கை விட்டுவைக்குமா?

3. நீக்கும்போது கணக்கும் போய்விடுமா?

4. தவறிப்போய்ப் பழைய பதிப்பைப் போட்டால் தடுக்குமா?

பதிலை வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி வாங்குவது நல்லது. வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, பத்து பில் போட்டு, திரும்ப நிறுவிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எப்படியானாலும், கணக்கைப் பென் டிரைவில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே சாப்ட்வேரில் கை வைக்க வேண்டும்.

இது சட்டப்படியும் அவசியம். 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 36ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற வணிகர் கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். மின்னணுக் கணக்குக்கு முறையான நகல் வேண்டும் என்று விதிகளும் கூறுகின்றன. அதிகாரி கேட்கும்போது "திரும்பப் போட்டதில் அழிந்துவிட்டது" என்றால் எடுபடாது. அதைவிட, பாக்கி வைத்தவரிடம் காட்ட நம் கையில் கணக்கே இராது. சாப்ட்வேரை மறுபடி வாங்கலாம். அழிந்த கடன் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.