முழு உரிமை என்று எழுதிக் கேட்டால்

உங்கள் சிறுவர் நாவலுக்கு மொத்தமாக ஒரு தொகை தருகிறேன், முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பதிப்பாளர் கேட்டால், கொடுக்காதீர்கள். தொகை பெரிதாக இருந்தாலும் கொடுக்காதீர்கள். என் முதல் நாவல் எட்டாயிரம் ரூபாய்க்கு அப்படித்தான் என் கையை விட்டுப் போனது. அது திரும்பி வர ஐந்து வருடங்கள் ஆயின. அந்த ஐந்து வருடங்களில் அதன் பெயரால் நடந்ததையெல்லாம் நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் உப்பளத்துக்குப் போகிறவர்கள். அந்த வீடுகளில் ஒன்றைப் பற்றித்தான் நாவல் எழுதினேன். முத்து என்று ஒரு பையன், வெள்ளை உப்பின் கூச்சத்தில் பார்வை மங்கிக்கொண்டே வரும் அவன் அம்மா, ஒரு வெயில் காலம். ஐப்பசி மழை இறங்கி, பாத்திகள் நிறைந்து, வேலை நிற்கிற இடத்தில் கதை முடியும். முத்து மறுபடி பள்ளிக்கூடம் போவானா என்று நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று யோசித்துத்தான் அப்படி நிறுத்தினேன்.

எழுதும் முறை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியற்காலை எழுந்து, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, வீட்டில் மற்றவர்கள் எழுவதற்குள் ஒரு பக்கமாவது எழுதிவிடுங்கள். கோடை விடுமுறையில் திருத்துங்கள். அத்தியாயம் ஐந்தாறு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு வகுப்பு நேரத்துக்குள் வாசித்து முடிக்கிற அளவு போதும். தட்டச்சு, மெய்ப்பு, ஐஎஸ்பிஎன் எல்லாம் தானாக நடக்கும். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள், இந்தியாவில் அதை இலவசமாகவே தருகிறார்கள். என்னைப் போல மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தால், முன்பணத்துக்காக அவசரப்படவும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். கையெழுத்துப் படியைப் பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பெரிய எழுத்தாளரிடமும் அணிந்துரை கேட்கும் முன்பு இதைச் செய்யுங்கள். நான் வாசித்தபோது, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடையில் கையைத் தூக்கினாள். “டீச்சர், காலைல ஒம்பது மணிக்கு முத்து எந்திரிக்கப்போ அவங்கம்மா சோறு போடுறாங்கனு எழுதியிருக்கீங்க. எங்கம்மாலாம் இருட்டோட அளத்துக்குப் போயிருவாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள உப்ப வாரணும்ல” என்றாள். அந்த அத்தியாயத்தை அவள் சொன்னபடியே மாற்றினேன். அம்மா வீட்டில் இல்லாத காலை, தங்கைக்குத் தலை பின்னிவிடும் பையன், மூடி வைத்த பழைய சோறு என்று அந்தக் காட்சி முழுக்க அவளிடமிருந்து வந்தது. புத்தகத்தைப் படித்த எல்லோரும் முதலில் சொல்வதும் அந்தக் காட்சியைத்தான். சென்னையில் உட்கார்ந்துகொண்டு கிராமத்துச் சிறுவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் செய்வதில்லை. அவர்களுடைய கதைகளில் எல்லா அம்மாக்களும் எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

இனி, முழு உரிமையையும் எழுதிக் கொடுத்து நான் கையெழுத்திட்ட அந்தக் கடிதம்.

பதிப்பகம் பெயருள்ள பதிப்பகம். அவர்களுடைய சிறுவர் நூல்களை எங்கள் பள்ளி நூலகத்துக்கே நான் வாங்கியிருக்கிறேன். பேசியவர் மரியாதையாகப் பேசினார். உரிமைத்தொகை என்றால் வருடா வருடம் கணக்குப் பார்க்க வேண்டும், உங்களுக்கும் அலைச்சல், எங்களுக்கும் அலைச்சல், இதோ மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு தாளில் நான்கு வரி: இந்த நாவலின் முழு உரிமையையும் இத்தொகை பெற்றுக்கொண்டு பதிப்பகத்துக்கு அளிக்கிறேன். கீழே என் கையெழுத்து. எத்தனை வருடம், எந்த வடிவம், எந்த மொழி, ஒன்றும் இல்லை.

கையெழுத்துப் போட்டதற்காக என்னைக் குறை சொன்னவர்கள் உண்டு. அவர்களில் பாதிப்பேர் இதே போன்ற தாளில் கையெழுத்திட்டவர்கள்தான், வெளியில் சொல்வதில்லை. முதல் நாவலோடு, ஊரில் இருந்துகொண்டு, ஆள் அறிமுகம் இல்லாமல் நிற்கிறவருக்கு வேறு எந்தக் கதவும் அன்று திறந்திருக்கவில்லை. புத்தகம் வெளியே வந்தது, பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்தது. அந்த மட்டில் நான் எடுத்த முடிவு சரி. தவறு அந்த நான்கு வரியை எழுதியவருடையது. எதை எழுதாமல் விடுகிறோம் என்று அவருக்குத் தெரியும்.

அவர்கள் சொன்ன கணக்கைப் பாருங்கள். எண்பது ரூபாய்ப் புத்தகம், ஆயிரம் பிரதி, பத்து விழுக்காடு, ஆக எட்டாயிரம். முதல் அச்சுக்கு நியாயமான தொகை. ஆனால் முதல் அச்சோடு நிற்கவில்லை. அரசு நூலகங்கள் மொத்தமாக வாங்கும் நூலக ஆணை கிடைத்தது. பள்ளிகளுக்குப் போனது. விலை நூற்றிருபதானது. அட்டை மாறியது. அண்டை மாநில மொழி ஒன்றில் மொழிபெயர்ப்பும் வந்தது. இதில் எதையும் எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. சென்னைப் புத்தகக் காட்சியில், நந்தனம் ஒய்எம்சிஏ திடலில், அவர்களுடைய அரங்கில் நின்று நானே புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பத்து விழுக்காடு தள்ளுபடி போக மீதிப் பணம் கொடுத்து என் புத்தகத்தை நானே வாங்கி வந்தேன்.

பணத்தைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். கடைசிப் பக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் முடித்த இடத்துக்குக் கீழே கட்டம் கட்டி, ‘இக்கதையால் நாம் அறியும் நீதி’ என்று போட்டு, கல்வியே அழியாச் செல்வம், பள்ளிக்குத் தவறாமல் செல்ல வேண்டும் என்று அச்சடித்திருந்தார்கள். அதற்குக் கீழே ஐந்து கேள்விகள் வேறு. பள்ளிக்கூடங்கள் கேட்கின்றன என்று பிறகு காரணம் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பதிப்பைப் படித்த ஒரு பையன் என்னிடம் வந்து, “டீச்சர், முத்து பள்ளிக்கூடம் போகாதது அவன் தப்பா?” என்று கேட்டான். அவனுடைய அம்மாவும் அளத்துக்குப் போகிறவர். மழை மாதங்களில் அளத்தில் வேலை நின்றுவிட்டால், அவனே வேறு வேலைக்குப் போய்விடுவான். அந்தப் பிள்ளையிடம் உன் மேல் தப்பில்லை என்று சொல்வதற்காக எழுதிய நாவல் அது. கட்டம் கட்டிய இரண்டு வரி அதை நேர் எதிராகப் பேச வைத்துவிட்டது.

தொலைபேசியில் கேட்டேன். “அம்மா, நீங்க முழு உரிமையும் எழுதிக் குடுத்திருக்கீங்க, நாங்க என்ன வேணா பண்ணலாம்” என்றார்கள். நீங்களும் ஒருநாள் இந்த வாக்கியத்தைக் கேட்பீர்கள். அது உண்மை இல்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு வழக்கறிஞர், என் பழைய மாணவியின் கணவர், சட்டத்தை எடுத்து வைத்து உட்கார்ந்து விளக்கினார். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை எல்லாம் அதில் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றுதான் கொள்ளப்படும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையில் எதையாவது ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். பிரிவு 57 இன்னொன்று சொல்கிறது: உரிமையை விற்ற பிறகும், படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கும்.

என் நான்கு வரிக் கடிதத்தில் காலம் இல்லாததுதான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது. ‘நிரந்தரமாக’ என்று ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் நாவல் எனக்குத் திரும்பியே வந்திருக்காது. ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்றாலும் அதே கதிதான். அது எழுதியவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். உங்கள் பேரப்பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறீர்கள்.

வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். மொழிபெயர்ப்பு முதல் ஆண்டு தாண்டி வெகுநாள் கழித்து நடந்திருந்ததால் அதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அதில் வந்த தொகையில் பாதி என்று சொல்லி என் கணக்கில் பணம் போட்டார்கள், ஒரு வரி கடிதம்கூட வைக்காமல். நீதிக் கட்டத்தை அடுத்த அச்சில் எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். அடுத்த அச்சுக்கு நான் இடம் கொடுக்கவில்லை. ஐந்தாண்டு முடிந்த வாரமே, உரிமை என்னிடம் திரும்பிவிட்டது, இனி அச்சிடக் கூடாது என்று பதிவுத் தபாலில் எழுதினேன். சண்டைக்காரி என்ற பெயர் வந்தது. வரட்டும்.

பெரியவர்களுக்கு நாவல் எழுதும் நண்பர்கள், இவ்வளவு பிடிவாதம் எதற்கு, அடுத்ததை எழுது என்றார்கள். அவர்களுடைய தொழில் வேறு. பெரியவர்களுக்கான நாவல் பெரும்பாலும் வெளிவந்த இரண்டு மூன்று வருடங்களில் பேசப்பட்டு, விற்று, அடங்கிவிடுகிறது. சிறுவர் நாவலுக்கு ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வாசகர்கள் ஆறாம் வகுப்புக்குள் நுழைகிறார்கள். போன வருடம் படித்தவன் வளர்ந்து போய்விடுவான், அவன் தங்கை வந்து நிற்பாள். கிணறு ஊறுவது போல அது ஊறிக்கொண்டே இருக்கும், மெதுவாக, வருடம் தவறாமல். இந்தச் சொத்தை ஒரே தடவையில் விலை பேசி வாங்க நினைக்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். எழுதுகிற நமக்குத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும். காலம் மூன்று ஆண்டு, மிஞ்சிப்போனால் ஐந்து. தமிழ், அச்சு நூல், அவ்வளவே. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேச வேண்டும். உரிமைத்தொகை அச்சிட்ட விலையில் பத்து விழுக்காடு. ‘நிகர வரவில்’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நூற்றிருபது ரூபாய்ப் புத்தகத்தைக் கடைக்கு நாற்பது விழுக்காடு கழிவில் கொடுத்தால் நிகர வரவு எழுபத்திரண்டு. உங்களுக்குப் பன்னிரண்டு ரூபாய் வர வேண்டிய இடத்தில் ஏழு ரூபாய் இருபது காசு வரும். நூலக ஆணைக்கும் இதே விழுக்காடு என்று தனியாக ஒரு வரி வேண்டும், ஏனென்றால் தமிழ்ப் பதிப்புலகில் பெரிய பணம் அங்கேதான் நகர்கிறது. ஒவ்வொரு மறு அச்சுக்கும் முன்னால் எத்தனை பிரதி என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரையிலோ முடிவிலோ, முன்னும் பின்னும், என் சம்மதம் இல்லாமல் எதையும் சேர்க்கக் கூடாது. கடைசி வரியை இப்போதெல்லாம் நானே கைப்பட எழுதிக் கொடுக்கிறேன்.

நீதிக் கட்டம் போட வைக்கிற மனநிலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் மேடையிலேயே சொன்னார்: சிறுவர் நாவலில் கண் போகிற அம்மாவெல்லாம் எதற்கு, பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் படிக்க வேண்டாமா என்று. நான் கீழே உட்கார்ந்திருந்தேன், பதில் சொல்ல வாய்ப்புத் தரவில்லை. இங்கே சொல்கிறேன். சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் கொடுத்து வருகிறது, தொகை 50,000 ரூபாய். தமிழுக்கு 2020-இல் அது யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலுக்குக் கிடைத்தது. சிறுமிகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளிடமே பேசுகிற புத்தகம் அது. 2023-இல் கோவில்பட்டி உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, கீழடியைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்த நாவல். இவற்றைப் பிள்ளைகள் விரும்பித்தான் படிக்கிறார்கள். உப்பில் வெடித்த பாதத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவனிடம் முயலும் ஆமையும் மட்டும் பேசு என்று எனக்கு யாரும் கட்டளையிட முடியாது. அவனுக்குத் தெரியாத வலி எதையும் நான் எழுதிவிடவில்லை.

நாவலைப் புதிய பதிப்பாளர் ஒருவர் எடுத்துக்கொண்டார். சிறிய பதிப்பகம். முந்நூறு முந்நூறாக அச்சிட்டு, தீரத் தீர மறுபடி போடுகிறார். ஏப்ரல் மாதம் கணக்குத் தாள் வந்துவிடும். பழைய ஓவியங்களை நாங்கள் எடுக்கவில்லை, அவை ஓவியருக்குச் சொந்தமா பழைய பதிப்பகத்துக்குச் சொந்தமா என்றே தெளிவில்லை. அவரிடமும் அதே மாதிரி ஒரு தாளில்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் புதிய ஓவியரோடு முதலிலேயே தனி ஒப்பந்தம் போட வைத்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை எடுப்பதே படத்தைப் பார்த்துத்தான். அவருக்கு ஒரு முறைக் கூலி போதாது என்று சொல்லி, என் பத்து விழுக்காட்டில் இரண்டை அவர் பெயருக்கு எழுதச் சொன்னேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் இப்போது அவருக்கும் ஒரு கணக்குத் தாள் போகிறது.