காய்ச்சல் தணிந்த பின்னும் தலைநோவு
மூளை உறை அழற்சியிலிருந்து மீள்வோருக்கும் ஊராருக்கும் சில குறிப்புகள்

காய்ச்சல் இறங்கி, நோயாளி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டால், நோய் தீர்ந்தது என்று ஊரார் கொள்வது வழக்கம். பல நோய்களுக்கு இது பொருந்தும். மெனிஞ்சைட்டிஸ் என்று மருத்துவர்கள் கூறும் மூளை உறை அழற்சிக்கு இது பொருந்தாது. இதனை அறியாமையால் நேரும் இடர் எத்தகையது என்பதை நாம் நம் வட்டாரத்திலேயே கண்டோம்.

சிதம்பரத்தை அடுத்த ஊராட்சி ஒன்றில் நீர்த்தேக்கத் தொட்டியை இயக்கி வந்தவர் இந்நோய்க்கு ஆளாகி, சில வாரச் சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்பினார். முன்பு நாள் தவறாமல் உழைத்தவர், இப்போது நண்பகலில் நிழல் தேடிப் படுத்தார். ஓர் இரவு மோட்டாரை நிறுத்த மறந்தார். விடியும்வரை தண்ணீர் வழிந்தோடியது. "ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், வேலை செய்ய மனமில்லை" என்று அங்கத்தினர்கள் புகார் கொணர்ந்தனர். நாமும் அதனை நம்பி, அவருக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்தலாம் என்ற முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டோம். அவருடைய மனைவி ஆஸ்பத்திரிச் சீட்டுடன் வந்து, அதில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்ன பிறகே நம் தவறு நமக்கு விளங்கிற்று. அன்று மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

நோய் யாது?

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியுள்ளன. அவற்றினிடையே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்டீரியா, வைரஸ், காசநோய்க் கிருமி முதலியவை இவ்வுறைகளைத் தாக்கும்போது உண்டாவதே இந்நோய். நெல் வயல் மிகுந்த நம் மாவட்டம் முன்பே அறிந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு. அது கொசுவால் பரவி மூளையையே தாக்குவது. பேச்சு வழக்கில் இரண்டையும் மூளைக்காய்ச்சல் என்றே கூறுகிறோம்.

பாக்டீரியாவால் வரும் மூளை உறை அழற்சியில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவருக்கு நெடுங்காலக் குறை தங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கிருமி அழிந்த பின்னும் புண்பட்ட இடம் ஆற நாள் பிடிக்கும். நாற்றைப் பறித்து நட்டால் சில நாள் வெளுத்து வாடி நின்று, வேர் பிடித்த பிறகே பச்சை கட்டுகிறது. வாடியதைக் கண்டு எந்த விவசாயியும் அதனைப் பிடுங்கி எறிவதில்லை. இந்நோயாளியின் நிலையும் அத்தகையதே. நாட்கணக்கன்று, வாரங்கள் ஆகலாம். பலருக்கு மாதங்களும் ஆகலாம்.

எஞ்சி நிற்கும் தொல்லைகள்

தலைநோவு, தலைச்சுற்றல், சிறு வேலைக்கும் பெருஞ்சோர்வு, வெயிலும் ஓசையும் பொறுக்காமை, மறதி, கவனம் சிதறல், தூக்கக்கேடு, எளிதில் சினம், காதில் இரைச்சல் ஆகியவை பலரிடம் காணப்படுவன. இவை கண்ணுக்குப் புலப்படாதவை. ஆகவேதான் வீட்டாரும் இவற்றைச் சோம்பல் என்று தவறாகக் கருதுகின்றனர்.

"முதுகுத்தண்டில் நீர் எடுத்ததால்தான் தலை வலிக்கிறது, எடுத்த நீர் திரும்ப வராது" என்ற அச்சமும் கிராமங்களில் உண்டு. உடலில் இந்நீரின் மொத்த அளவு சுமார் 150 மில்லி. உடல் நாள்தோறும் ஏறக்குறைய 500 மில்லி புதிதாகச் சுரக்கிறது. சோதனைக்கு எடுப்பதோ சில மில்லிதான். நீர் எடுத்தபின் சிலருக்கு, எழுந்து உட்கார்ந்தால் மிகுந்து படுத்தால் தணியும் தலைநோவு உண்டாவது மெய்யே. அது பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் நீங்கும். நீங்காவிடின் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

நோயாளி செய்ய வேண்டியவை

முதலாவது, வேலையைப் பங்கிட்டுக்கொள்ளல். உடல் சற்றுத் தெளிந்த நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட எண்ணி உழைத்து, மறுநாள் எழ இயலாது கிடப்பது பலர் செய்யும் பிழை. ஏரியில் உள்ள நீரை ஒரே நாளில் திறந்துவிட்டால் கடைமடைக்கு எஞ்சாது. முறை வைத்துப் பாய்ச்சினால்தான் பயிர் தேறும். காலையில் ஒரு மணி நேர வேலை, பின்பு ஓய்வு, மாலையில் சிறிது என்று தொடங்கி, தொல்லை மிகாவிடில் வாரந்தோறும் கொஞ்சம் கூட்டுக.

இரண்டாவது, குறிப்பேடு ஒன்று வைத்தல். தலைநோவு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, முந்திய இரவு எவ்வளவு தூங்கினார், என்ன வேலை செய்தார் என்பனவற்றை நாள்தோறும் இரண்டு வரி எழுதுக. மருத்துவருக்கு இது பேருதவி. மறதி உள்ளவர்கள் மருந்து வேளையையும் அதில் குறிக்கலாம்.

மூன்றாவது, மருந்து பற்றிய எச்சரிக்கை. கடையில் வாங்கிய வலி மாத்திரையை மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் தொடர்ந்து உண்டால், அம்மாத்திரையே தலைநோவுக்குக் காரணமாகிவிடும். மருத்துவர் எழுதிய மருந்தையோ தாமாக நிறுத்தலாகாது. காசநோயால் வந்த அழற்சிக்குச் சிகிச்சை ஓராண்டளவு நீளும். உடல் தேறிவிட்டது என்று இடையில் விடுவது உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டு மருந்தையும் வலிப்பு மருந்தையும் திடீரென நிறுத்துதல் கூடாது.

நான்காவது, அன்றாட ஒழுங்கு. வேளைக்கு உணவு, போதிய நீரும் மோரும், ஒரே நேரத்தில் உறக்கம் ஆகியவை வேண்டும். உச்சி வெயிலில் வயலில் நிற்றல் வேண்டா. மது அறவே கூடாது. தலைச்சுற்றலோ வலிப்போ உள்ளவர்கள், மருத்துவர் இசையும்வரை மோட்டார் சைக்கிள், டிராக்டர் ஓட்டுதல், மரம் ஏறுதல், கிணற்றில் இறங்குதல் ஆகியவற்றை விலக்குக.

ஐந்தாவது, செவிச் சோதனை. இந்நோய் செவிப்புலனைக் கெடுப்பதுண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வருமுன்போ, வந்த நான்கு வாரங்களுக்குள்ளோ சோதித்தல் வேண்டும். குழந்தைகளுக்கு இது மிக அவசியம். காது கேளாத குழந்தையைப் படிப்பில் மந்தம் என்று ஒதுக்கிய பிழை நேரலாகாது. காதில் எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை.

உடனே செல்ல வேண்டிய நிலை

மீண்டும் காய்ச்சல், கழுத்து விறைப்பு, வலிப்பு, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், பேச்சுக் குழறல், கைகால் வலுவிழத்தல், பொருள் இரண்டாகத் தோன்றுதல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல், நாளுக்கு நாள் மிகும் தலைநோவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பொறுத்திருத்தல் கூடாது. 108 வண்டியை அழைத்து, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ளதற்கு விரைக.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

சிகிச்சை முடித்து மருத்துவர் வீட்டுக்கு அனுப்பியவரைத் தொற்றுக்கு அஞ்சித் தனித்தட்டு, தனிக்குவளை வைத்து ஒதுக்கத் தேவையில்லை. இதனைக் கிராம சபையில் விளக்குக. நோயிலிருந்து மீள்பவருக்குச் சில மாதம் நிழலிலும் தரையிலும் செய்யத்தக்க இலகுவான வேலை தருக. திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியை அவர் வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டாதிருக்கச் செய்க. இரவு பத்து முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் விதி. பள்ளிப் பிள்ளையாயின், முதல் வரிசையில் அமர்த்தவும் சில வாரம் அரை நாள் வகுப்புக்கு இசையவும் ஆசிரியரிடம் பேசுக. கைகால் வலுவிழந்தவருக்கு, 2021 ஆகஸ்டு முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டிற்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுக்கலாம்.

வருமுன் காப்பதும் நம் கடனே. இந்நோய்க்குக் காரணமான ஹிப் கிருமியைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசி நம் மாநிலத்தில் 2011 டிசம்பர் முதலும், நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதலும் குழந்தைகளுக்கு இலவசமாக இடப்படுகின்றன. விடுபட்ட குழந்தை எதுவும் ஊரில் உண்டா என்று அங்கத்தினர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறிதல் நலம்.

தொட்டி இயக்குபவரை அவ்வூராட்சி நீக்கவில்லை. ஏணி ஏறித் தொட்டி கழுவும் வேலையை இன்னொருவர் ஏற்றார். மோட்டார் போடும் நேரமும் நிறுத்தும் நேரமும் சுவரில் பெரிதாக எழுதப்பட்டன. ஆறு மாதங்களில் அவர் முழுப் பணிக்கும் திரும்பினார். கடும் வெயிலில் இன்றும் தலைநோவு வருவதுண்டு. அப்போது நிழலில் சற்றே அமர்ந்து பின் எழுகிறார். அதனைக் குறை கூறுவார் இன்று அவ்வூரில் இல்லை. இதற்காக ஊராட்சிக்கு ஆன செலவு, சுவரில் எழுதிய வண்ணத்தின் விலை மட்டுமே.