நாற்பது நாட்களுக்குள்: ஒரு சிறுவர் நலப் பாடம்

இடம்பெயர்ந்த நாட்களில் பாத்திரம் பண்டங்களை விட்டு வந்தாலும், பிள்ளையின் கிளினிக் அட்டையைப் பத்திரமாகக் கொண்டு வந்த தாய்மார் நம்மிடையே உண்டு. நிறை, தடுப்பூசி எல்லாம் அதில் பதியப்படுகின்றன. யாரும் பேசாத ஒரு காயத்தைப் பற்றி இம்முறை சிந்திப்போம்.

வைத்தியத் தேவை எதுவுமின்றிப் பெண் பிள்ளையின் பிறப்புறுப்பை வெட்டுவதும், கீறுவதும், குத்துவதும் பெண் உறுப்புச் சிதைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு உள்ளானோர் உலகில் 23 கோடிக்கு மேல் என 2024 இல் யுனிசெப் கணித்தது. எமது நாட்டில் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் இவ்வழக்கம் உண்டு. பெரும்பாலும் பிறந்து 40 நாட்களுக்குள், 'ஒஸ்தா மாமி' எனப்படும் பெண் வீட்டிலேயே இதைச் செய்கிறார்.

இது ஒரு சமயத்தவரை மட்டும் குறை சொல்லும் விடயமல்ல. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறிஸ்தவர்களிடையேயும் இது உண்டு. இதற்கு மார்க்க அடிப்படை இல்லை என 2007 இல் எகிப்தின் அல்-அஸ்ஹர் அறிவித்தது. வைத்தியத் துறையினர் இதைச் செய்யக்கூடாதென 2018 இல் எமது சுகாதார அமைச்சும் சுற்றறிக்கை விடுத்தது.

கண்காணிப்பது ஏன் கடினம்? சிறு கீறல் சில நாட்களில் ஆறிவிடும். பின்னர் வைத்தியர் பார்த்தாலும் தெரியாமற் போகலாம். குழந்தைக்கோ சொல்லத் தெரியாது. ஆனால் இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் அந்த நாட்களிலேயே வரக்கூடும். குடும்பநல உத்தியோகத்தர் தாயையும் சேயையும் பார்க்க வீட்டுக்கு வருவதும் அதே வாரங்களில்தான்.

இங்கிலாந்தில் 2015 முதல், 18 வயதுக்குட்பட்டவருக்கு இது நடந்ததாக அறியும் சுகாதாரப் பணியாளர் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். சட்டம் தேவைதான். ஆனால் தாய் பயந்து கிளினிக்குக்கு வராமல் விட்டால் தடுப்பூசியும் தவறிப்போகும். ஆகவே பிள்ளை பிறக்கும் முன்பே அன்பாகக் கேட்பதும், விளக்குவதும், பதிவதுமே முதற் கண்காணிப்பு.

நாம் செய்யக்கூடியவை:
1. கர்ப்பகாலத்திலேயே தாயுடனும் பாட்டியுடனும் பேசுவோம்.
2. குழந்தைக்கு இரத்தம் கசிந்தால், காய்ச்சல் வந்தால், சிறுநீர் கழிக்கும்போது அழுதால் மறைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோம்.
3. பிள்ளைக்கு ஆபத்து என்று கண்டால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிப்போம்.

சிந்திக்க: அயல் வீட்டுத் தாய் பயமின்றி நம்மிடம் இதைச் சொல்வாரா? சொல்லும்படி நாம் நடந்திருக்கிறோமா?