கடைவீடு விடுதியான கதை

நுழையும்முன்

பெருநகரங்களில் வானளாவிய விடுதிகளின் நடுவே இருபது, முப்பது அறைகளே கொண்ட சிறுவிடுதிகளும் உள்ளன. சிங்கப்பூரில் இத்தகைய விடுதிகள் பலவும் பழைய கடைவீடுகளுக்குள் அமைந்தவை. ஓர் இரவு தங்கும் அறைக்குள் ஒரு நகரத்தின் வரலாறு எவ்வாறு அடங்கியிருக்கிறது என்பதை இப்பாடம் காட்டுகிறது.

பெரிய விடுதியின் அறைக்குள் நுழைந்தபின் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே பலவேளைகளில் மறந்துவிடும். எல்லா ஊரிலும் அறை ஒன்றுபோலவே இருக்கும். அந்தச் சலிப்புக்கு மாற்றாகத் தோன்றியதே 'பூட்டிக்' விடுதி. 1984இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட மார்கன்ஸ் விடுதி இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 'பூட்டிக்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கடை என்பது பொருள். சிங்கப்பூருக்கு வந்தபோது அச்சொல்லுக்கு உண்மையாகவே ஒரு கடை கிடைத்தது. தெருவை நோக்கிக் கடையும் அதன் பின்னும் மேலும் வீடுமாக அமைந்த கட்டடமே கடைவீடு.

அஞ்சடியும் முற்றமும்

கடைவீட்டின் முகப்பு 16 முதல் 20 அடி அகலமே இருக்கும்; நீளமோ அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுவான பக்கச் சுவர்களின்மீதே மர விட்டங்கள் அமர்ந்திருக்கும். கிடைக்கும் மரத்தின் நீளமே வீட்டின் அகலத்தைத் தீர்மானித்தது. பக்கச் சுவர்களில் சாளரம் வைக்க இயலாது. ஆகையால், வீட்டின் நடுவே கூரையைத் திறந்துவிட்டு ஒரு முற்றம் அமைத்தார்கள். வெளிச்சம், காற்று, மழை மூன்றும் அவ்வழியே உள்ளே வந்தன.

முகப்பில் ஒரு நடைபாதை உண்டு. வீடுகளின் முன்னே தொடர்ச்சியான, கூரையிட்ட பாதை இருக்கவேண்டும் என்பது 1822இல் இராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தின் விதி. மலாய் மொழியில் அது 'காக்கி லீமா'. அங்குள்ள தமிழர் பேச்சில் 'அஞ்சடி'. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில், வழிப்போக்கருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

இருட்டறைகள்

அழகாகத் தோன்றும் இவ்வீடுகளில் வாழ்ந்தோரின் நிலை வேறு. ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய மாடியைப் பலகைகளால் தடுத்துச் சிறுசிறு அறைகளாக வாடகைக்கு விட்டனர். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். சிலவற்றில் முறைவைத்து உறங்கும் கூலித் தொழிலாளர். சாளரமற்ற இவ்விருட்டறைகளையும் அவற்றில் பெருகிய காசநோயையும் சுகாதாரப் பேராசிரியர் சிம்சன் 1907ஆம் ஆண்டு அறிக்கையில் கண்டித்தார். ஆயினும் நெரிசல் உடனே தீரவில்லை. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி, அடுக்குமாடி வீடுகள் எழுந்தபின்னரே மக்கள் வெளியேறத் தொடங்கினர்.

இன்று அதே கட்டடங்களின் உள்ளறைகள் சில, சாளரம் இல்லாமலேயே விருந்தினருக்கு அளிக்கப்படுகின்றன. வெள்ளை விரிப்பும் குளிரூட்டியும் மென்விளக்கும் இருட்டை அமைதியாக மாற்றிவிட்டன. இடுக்கம் ஒருவருக்கு விதி; மற்றொருவருக்கு விருப்பம்.

இடிப்பும் காப்பும்

1947இல் வந்த சட்டம் வாடகை உயராமல் தடுத்தது. குடியிருந்தோர்க்கு அது பெரும் பாதுகாப்பு. ஆனால், பழுதுபார்க்க உடைமையாளர் முன்வரவில்லை. சுவர்கள் சிதைந்தன. நகரப் புதுப்பிப்பில் பல தெருக்களே இடிக்கப்பட்டன. 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகள் காக்கப்படவேண்டியவை என அறிவிக்கப்பட்டன. இன்று சிங்கப்பூரில் அவ்வாறு காக்கப்படும் கட்டடங்கள் 7,000க்கும் மேல். முகப்பு, கூரை, பக்கச் சுவர், மர விட்டம், முற்றம் ஆகியவற்றை இயன்றவரை மாற்றாமல் பேணவேண்டும் என்பது நெறி. சிறுவிடுதியில் படிக்கட்டு செங்குத்தாக இருப்பதற்கும், ஓர் அறையின் வடிவம் மற்றோர் அறைக்கு இல்லாததற்கும் இதுவே காரணம். கியோங் சாய்க் சாலையில் 2003இல் திறக்கப்பட்ட ஒரு விடுதி, தன் கட்டடம் எழுந்த 1929ஆம் ஆண்டையே தன் பெயராகக் கொண்டது.

வீடு பிழைத்தது, அதில் நடந்த தொழில்கள் பல பிழைக்கவில்லை. வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 2001இல் முற்றிலும் நீங்கியது. தகரவேலை செய்தவரும் மரக்காலணி செய்தவரும் புதிய வாடகையைத் தாங்க இயலாமல் அகன்றனர். காட்சிப்பொருளாகப் பூட்டிவைப்பதைவிட மனிதர் உறங்கி எழும் விடுதியாக்கியது நன்றே எனலாம். ஆனால், விருந்தினருக்கு அண்டைவீட்டார் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இடம்மாறாத சிலவும் உள்ளன. சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில் நிற்கிறது. அதன் கோபுரத்தால்தான் பக்கத்துத் தெரு 'பகோடா தெரு' ஆயிற்று. சற்றுத் தள்ளித் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய சூலியா பள்ளிவாசல். அப்பகுதியின் விடுதியொன்றில் தங்கியவர் காலையில் அஞ்சடியில் நடந்தால், வீட்டுக்கு வீடு தரை ஓடும் உயரமும் மாறுவதைக் காணலாம். ஒவ்வொரு கடைக்காரரும் தம் வாசலைத் தாமே பாவியதன் அடையாளம் அது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பயன்பாடு மாறிய பழைய கட்டடம் ஒன்றைப் பார்வையிட்டு, முன்பு அங்கு வாழ்ந்தவர் அல்லது தொழில்செய்தவர் குறித்து முதியோரிடம் கேட்டு எழுதுக.
2. 'வாடகைக் கட்டுப்பாடு குடியிருந்தோரைக் காத்தது. கட்டடத்தைக் காக்கவில்லை' – வகுப்பில் கலந்துரையாடுக.