விளக்கில் மொய்ப்பது ஆனைக்கொம்பனா? வயலிலேயே பார்த்துச் சொல்லலாம்

ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மேகமூட்டமும் தூறலுமாக இருந்தால், தஞ்சாவூர்ப் பக்கம் சம்பாவும் தாளடியும் போட்டவர்களுக்கு ஆனைக்கொம்பன் ஈ பயம் வந்துவிடும். பம்புசெட்டு விளக்கில் கொசு போல ஏதோ மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் நிறைய. ஆனால் அந்தக் கூட்டத்தில் பயிரைத் தொடாத பூச்சிகளும் உண்டு, ஆனைக்கொம்பனையே அழிக்கிற குளவியும் உண்டு. மருந்து எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கொல்லும். அதனால் முதலில் பூச்சியைப் பாருங்கள்.

இருட்டியதும் விளக்கின் கீழ் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, இரண்டு சொட்டு ஷாம்பு விடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் விழுந்தவற்றை மெல்லிய தூரிகையால் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும்.

முதலில் இறக்கையை எண்ணுங்கள். ஈ, கொசு எல்லாவற்றுக்கும் இரண்டே இறக்கை. நான்கு இறக்கையும், பளபளக்கும் கறுப்பு உடம்பும், முழங்கை போல மடங்கிய உணர்கொம்பும் கொண்ட மிகச் சின்னப் பூச்சி கிடைத்தால் அது பெரும்பாலும் ஒட்டுண்ணிக் குளவி. ஆனைக்கொம்பனை அழிக்கும் பிளாட்டிகாஸ்டர் ஒரைசே இந்த வகைதான். அது உங்கள் ஆள்.

அடுத்து வாய். நீண்ட ஊசிக் குழலும், இறக்கை நரம்பில் செதிலும் இருந்தால் கொசு. பயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒதுக்கிவிடுங்கள்.

மிச்சமிருப்பதில்தான் குழப்பமே. வயல் சேற்றில் வளர்ந்து வரும், கொசு போன்ற கடிக்காத ஈ ஒன்று ஏராளமாக விழும். கைரோனோமிட் என்பார்கள். ஆணின் உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருக்கும், உயிரோடு உட்கார்ந்திருந்தால் முன்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். பெண்ணுக்கு அந்த இறகு கிடையாது என்பதால் ஆனைக்கொம்பன் என்று ஏமாறுவது அதில்தான். இறக்கையைப் பாருங்கள்: ஆனைக்கொம்பனுக்கு நரம்பு இரண்டு மூன்றுதான் கண்ணுக்குத் தெரியும். உணர்கொம்பு நீளமாக, மணி கோத்ததுபோல் கணுக்கணுவாக இருக்கும். உடம்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், பெண்ணின் வயிறு ஆரஞ்சு கலந்த சிவப்பு. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இறக்கையும் உணர்கொம்பும் சேர்ந்து சொன்னால்தான் அது ஆனைக்கொம்பன்.

பகலில் தேங்கிய தண்ணீர்மேல் உட்காரும் குட்டையான சாம்பல் நிற ஈ வேறு. அது குருத்து ஈ. நடவான முதல் மாதத்தில் நடுக்குருத்தின் ஓரத்தை வெளுத்துக் கிழிந்தாற்போல் ஆக்கும். தண்ணீரை வடித்துவிட்டால் பயிர் பெரும்பாலும் தானே தேறிவிடும்.

கடைசியாகப் பயிரிடம் கேளுங்கள். ஆனைக்கொம்பன் புழு குருத்தின் அடியில் தங்கிவிட்டால் இலை விரியாமல், வெங்காயத்தாள் போல் உள்ளே கூடான வெளிர்க்குழலாக நீளும். அந்தத் தூரில் கதிர் வராது. தண்டுத் துளைப்பான் தாக்கிய குருத்தோ காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். குழலின் நுனியருகே ஓட்டையும் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டுப்புழுத் தோலும் தெரிந்தால் ஈ பறந்துபோய்விட்டது என்று அர்த்தம். ஓட்டை இல்லாத சில குழல்களின் அடியைப் பிளந்து பாருங்கள். செத்த புழுவின் தோலுக்குள் பொடிக்கூடுகள் நெருக்கமாக அடைந்திருந்தால் குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட குழல்களைப் பறித்து, நடவான பத்தாம் நாள் வயலில் பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் விடலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

வயலின் குறுக்கே நடந்து இருபது குத்துகளில் மொத்தத் தூர்களையும் குழலான தூர்களையும் எண்ணுங்கள். நூற்றுக்குப் பத்தைத் தொடாதவரை மருந்து வேண்டாம், யூரியாவையும் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். பத்தைத் தாண்டினால், குழலான நாலைந்து தூர்களையும் தாளில் ஒட்டிய பூச்சியையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்கோ, 1922 முதல் இயங்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்க் காட்டுங்கள். கடைக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.